வலசைப் பறவைகளைப் பார்க்க எந்தக் கரைக்குப் போவது? தனுஷ்கோடி, மன்னார், கோடியக்கரை: ஓர் ஒப்பீடு

கார்த்திகை மழை ஓய்வதற்கு முன்பே இந்தக் கேள்வி என்னிடம் வந்துவிடும். நான்கைந்து நாள் விடுப்பு இருக்கிறது, கையில் ஒரு பைனாகுலர் இருக்கிறது, வலசைப் பறவைகளைப் பார்க்க இராமேசுவரம் தீவுக்குப் போவதா, கடல் தாண்டி மன்னார் தீவுக்குப் போவதா, அல்லது தீவு எதுவும் வேண்டாம் என்று கோடியக்கரையிலேயே தங்கிவிடுவதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மூன்று இடங்களுக்கும் பல பருவங்களில் போய் வந்தவன் என்ற முறையில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்ததை இங்கே ஒழுங்காக எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இந்த மூன்று இடங்களும் ஒரே நீர்ப்பரப்பின் மூன்று ஓரங்கள். தனுஷ்கோடியின் அரிச்சல்முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். கோடியக்கரையோ பாக் நீரிணைக்குள் மூக்கு நீட்டிக்கொண்டு இலங்கையைப் பார்த்தபடி நிற்கிறது. சைபீரியாவிலிருந்தும் நடு ஆசியாவிலிருந்தும் இமயத்தைத் தாண்டி இறங்கும் நடு ஆசிய வலசைப் பாதையின் தென்கோடி இது. ஒரு பூநாரைக் கூட்டம் ஒரே காலையில் கடந்துவிடும் தொலைவைக் கடக்க நமக்கு இரண்டு நாளும் ஒரு கடவுச்சீட்டும் தேவைப்படுகின்றன. ஆகவே மூன்று இடங்களின் பறவைப் பட்டியல்களை அருகருகே வைத்துப் பார்த்தால் பெரும்பாலான பெயர்கள் ஒன்றாகவே இருக்கும். பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுத்தவர்கள் ஏமாந்து திரும்பியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

என் கணக்கில் முதல் அளவுகோல் தூரம். ஊரிலிருந்து இடத்துக்கு உள்ள தூரத்தை நான் சொல்லவில்லை. பறவைக்கும் உங்கள் கண்ணுக்கும் இடையே உள்ள தூரத்தைச் சொல்கிறேன். 600 மீட்டருக்கு அப்பால் கானல் நடுங்கும் சேற்றில் நிற்கும் 10,000 பறவைகளைவிட, 40 மீட்டரில் நிற்கும் 10 பறவைகள் ஒரு புதியவருக்கு அதிகம் கற்றுத்தரும். சேற்றோரம் இரைதேடும் சிறு கரைப்பறவைகளான உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் பிரித்தறிய அலகின் வளைவும் காலின் நிறமும் தெரிய வேண்டும். அவை தெரியாத தொலைவில் எல்லாமே சாம்பல் நிறப் புள்ளிகள்தான்.

அந்தத் தூரத்தைத் தீர்மானிப்பது நீர்மட்டம். இங்கேதான் வெளியூர்க் கையேடுகள் நம்மைத் தவறான வழியில் விட்டுவிடுகின்றன. கடலோரப் பறவைகளைப் பார்க்க வற்று, பெருக்கு அட்டவணையைப் பார்த்துப் போங்கள் என்று அவை எழுதுகின்றன. பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையே உள்ள வேறுபாடு 1 மீட்டருக்கும் குறைவு. இங்கே சேற்றுத்திட்டு வெளியே தெரிவதும் மூழ்குவதும் பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை எவ்வளவு பெய்தது, காற்று எந்தப் பக்கமிருந்து எத்தனை நாளாக அடிக்கிறது என்பவற்றைப் பொறுத்தது. நாள்காட்டியைப் பார்க்காமல் காற்றைப் பார்த்து முடிவெடுக்கும் மீனவர்களின் பேச்சு இந்த விஷயத்தில் எந்த அட்டவணையையும்விட நம்பத்தக்கது.

மற்ற அளவுகோல்கள் இவை: அந்த இடத்தில் மட்டுமே நன்றாகக் கிடைக்கும் பறவைகள் எவை; எந்த மாதம் ஏற்றது; போய்ச்சேர ஆகும் செலவும், வெளியே தெரியாமல் பின்னால் வந்து சேரும் செலவும் எவ்வளவு; உடன் வருபவர்களுக்கு அந்த இடம் ஒத்துவருமா; கடைசியாக, நாம் அங்கே போவதால் பறவைகளுக்கு ஏற்படும் தொல்லை எவ்வளவு. பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்துவந்த ஓர் உள்ளான் பகலில் இரை தேடும் நேரத்தில் நான்கு முறை கலைக்கப்பட்டால், திரும்பிப் போகும் பயணத்துக்குச் சேர்க்க வேண்டிய கொழுப்பில் அது குறைந்துவிடுகிறது. இந்தக் கடைசி அளவுகோலை மற்றவற்றுக்குச் சமமாகவே வைக்கிறேன்.

## இராமேசுவரம் தீவு: தனுஷ்கோடிச் சாலை

தனுஷ்கோடியின் பெரிய பலம் அதன் சாலை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலுக்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக மணலில் வேன் ஓட்டித்தான் முனைக்குப் போக முடிந்தது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சுமார் 9.5 கிலோமீட்டர் சாலை 2017இல் திறக்கப்பட்டபின், இரண்டு கடல்களுக்கும் நடுவே வண்டியில் உட்கார்ந்தபடியே பறவை பார்க்கும் வாய்ப்பு கிடைத்திருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கினால் பறவைகள் பெரும்பாலும் அசைவதில்லை. கதவைத் திறந்து காலை வைத்த அடுத்த கணம் எழும்பிவிடும்.

பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண்கடல் என்றும் மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண்கடல் என்றும் அங்கே அழைக்கிறார்கள். அரிச்சல்முனையை நோக்கிப் போகும்போது இடப்பக்கம் பெண்கடல், வலப்பக்கம் ஆண்கடல். காலையில் வலப்பக்கத்தையும் மாலையில் இடப்பக்கத்தையும் பார்த்தால் வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இதை மாற்றிச் செய்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான். ஒரு தை மாதக் காலையில் கோதண்டராமர் கோயில் பக்கத்து நீர்ப்பரப்பு வெறிச்சோடிக் கிடக்கக் கண்டு திகைத்து நின்றபோது, மீன் வறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “வாடை பிடிச்சு மூணு நாளாச்சு தம்பி, பெண்கடல்ல தண்ணி ஏறிக் கெடக்கு. அதுக எல்லாம் அந்தப் பக்கம் போயிருக்கும்.” சாலையைக் கடந்து மறுபக்கம் போனேன், பூநாரைகள் அங்கே இருந்தன.

தனுஷ்கோடியில் பார்க்க வேண்டியதும் பூநாரைதான். தமிழ்நாடு அரசு 2025 ஜூனில் இங்கே 524.7 எக்டேர் பரப்பைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. 2023–24 நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் இப்பகுதியில் 128 வகைப் பறவைகள் பதிவாகியிருந்தன. பூநாரைகள் ஒரே இடத்தில் சுற்றிச்சுற்றி மிதித்துச் சேற்றைக் கலக்கி, தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, கலங்கிய நீரை அலகில் வடித்து உண்கின்றன. கூட்டம் நகர்ந்தபின் ஆழமற்ற நீரின் அடியில் வட்ட வட்டமாகப் பள்ளங்கள் தெரியும். ஒவ்வொன்றின் நடுவிலும் மிதிபடாத ஒரு சிறு மேடு நிற்கும். பூநாரைகள் இல்லாத நாளிலும் அந்த வட்டங்களைப் பார்த்தாலே அவை எங்கே மேய்ந்தன என்று சொல்லிவிடலாம்.

போவது எளிது. சென்னையிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் வந்துவிடலாம். புதிய பாம்பன் ரயில் பாலம் 2025 ஏப்ரல் 6இல் திறக்கப்பட்டபின், மண்டபத்தில் இறங்கிப் பேருந்து மாறும் தொல்லையும் தீர்ந்தது. இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு நகரப் பேருந்தே உண்டு.

வெளியே தெரியாத செலவு வேறு வடிவில் வருகிறது. பறவைகள் வந்திருக்கும் டிசம்பர், ஜனவரியில்தான் ஐயப்ப பக்தர்களும் இராமேசுவரத்துக்குத் திரள்கிறார்கள். தை அமாவாசையும் அதே பருவத்தில்தான் வருகிறது. தை அமாவாசையை ஒட்டிய நாட்களில் அறைவாடகை பலமடங்காகும், சில வேளை அறையே கிடைக்காது. பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் பயணச்சீட்டு எடுக்காதீர்கள். சனி, ஞாயிறுகளில் காலை ஒன்பது மணிக்குமேல் அந்த ஒற்றைச் சாலையில் வண்டி வரிசை தொடங்கிவிடும். பிறகு சாலையோரப் பறவைகள் உள்ளே விலகிவிடுகின்றன. ஆகவே உண்மையில் உங்களுக்குக் கிடைப்பது, காலையில் சோதனைச்சாவடி திறந்த பிறகு உள்ள இரண்டரை மணி நேரம். மாலையில் திரும்பும் நேரக் கட்டுப்பாடும் உண்டு என்பதால், பறவைகள் அடையும் பொழுதை அங்கே முழுமையாகப் பார்க்க இயலாது. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைக் காட்டுகிறேன் என்று யாராவது படகுக்கு அழைத்தால், வனத்துறையின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் ஏறாதீர்கள்.

## மன்னார் தீவு: பாலத்தின் இரு பக்கமும்

எனக்கு மிகப் பிடித்த இடம் இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படியுங்கள்.

பெருநிலத்தையும் மன்னார் நகரையும் இணைக்கும் அணைச்சாலையில் விடியும்போது நின்றால் தெற்கே வங்காலைச் சரணாலயம் விரிந்து கிடக்கும். 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சர் ஈரநிலமாகவும் (உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் உள்ள இடம்) அறிவிக்கப்பட்ட 4,839 எக்டேர் பரப்பு அது. 20,000க்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகளைத் தாங்கும் இடம் என்பதே அந்தத் தகுதிக்கான காரணங்களில் ஒன்று. முதலில் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காதுக்குத்தான் தெரியும். நாமத்தலை வாத்துகளின் சீட்டி ஒலி, ஒன்று தொடங்கி இன்னொன்று வாங்கி, நீர்ப்பரப்பு முழுவதும் ஓடும். வெளிச்சம் வந்ததும் ஆண் வாத்துகளின் செம்பழுப்புத் தலையில் உச்சி முதல் அலகு வரை இட்ட சந்தன நிற நாமம் தெரியும். பெயர் வைத்தவருக்கு அப்போது மனத்துக்குள் நன்றி சொல்வேன். அவற்றோடு ஊசிவால் வாத்துகளும் ஆயிரக்கணக்கில் மிதக்கும். விளிம்புச் சேற்றில் கருவால் மூக்கன்கள் தோள்வரை அலகை இறக்கித் தையல் ஊசிபோல் குத்திக்கொண்டே நகரும். தனுஷ்கோடியில் இந்த அளவில் வாத்துகளை நான் ஒருபோதும் பார்த்ததில்லை.

குளிர்காலச் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால், சரணாலயப் பக்கம் நண்பகலில் எதிர்வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும். அதிகாலையைத் தெற்குக்கும், வெயில் ஏறியபின் சாலையின் வடக்குப் பக்கத்துக்கும் ஒதுக்குவது நல்லது. வண்டிகள் விரையும் சாலை இது. ஓரத்தில் ஒதுங்கி நிற்க இடம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தீவின் மறுகோடியான தலைமன்னார் கடற்காகங்களுக்கும் ஆலாக்களுக்கும் உரிய இடம். ஊருமலைக் கரையில் மீனவர்கள் வலையை உதறும் நேரத்தில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள், பெரிய கருந்தலைக் கடற்காகங்கள், ஹியூக்ளின் கடற்காகங்கள் என மூன்று அளவிலும் பறவைகள் ஒரே மணலில் வரிசையாக நிற்கும். பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் அளவை ஒப்பிட்டுக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாரில் பிடித்து முதுகில் கருவி பொருத்தி விட்ட ஹியூக்ளின் கடற்காகங்கள், இந்தியாவைக் கடந்து வடக்கேறி, ரஷ்யாவின் வடதுருவக் கரைக்கு இனப்பெருக்கத்துக்காகச் சென்றதைத் தடம் காட்டின. அதைத் தெரிந்துகொண்ட பிறகு, கருவாட்டுத் தட்டிக்கு அருகே மீன்குடலுக்குச் சண்டையிடும் அந்தப் பறவையைப் பழைய கண்ணோடு பார்க்க முடியவில்லை.

நண்டுதின்னியையும் இங்கே நெருக்கமாகப் பார்த்திருக்கிறேன். வெள்ளை உடல், கறுப்பு முதுகு, உடலுக்குப் பொருந்தாத தடித்த கறுப்பு அலகு. ஈரமணலில் அசையாமல் நிற்கும். திடீரென்று பத்தடி ஓடி ஒரே குத்து. பிடித்த நண்டை உதறி உதறிக் கால்களைக் கழற்றிவிட்டு உடலை விழுங்கும். ஒரு நண்டு தன் கொடுக்கால் அலகைக் கவ்விக்கொண்டு விடாமல் தொங்கியதையும், பறவை தலையை மணலில் அடித்து அடித்து அதை விடுவித்ததையும் 30 மீட்டரிலிருந்து பார்த்தேன். அதற்காக மட்டுமே இன்னொரு முறை கடல் தாண்டலாம்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இலங்கையின் பறவை வழிகாட்டிகள் மன்னாரின் சிறப்புகளாகக் கௌதாரியையும் இரட்டைவால் கரிச்சானையும் பெருமையோடு காட்டுவார்கள். அந்தத் தீவு நாட்டில் இவை வடக்கு, வடமேற்குப் பகுதிகளோடு நின்றுவிடும் பறவைகள் என்பதால் அவர்களுக்கு அது நியாயமான பெருமை. நமக்கோ இவை வீட்டுக்குப் பின்னால் உள்ள தரிசில் இருப்பவை. காலை நேரத்தை வாத்துகளுக்கும் கடற்காகங்களுக்கும் ஒதுக்கும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். பெருநிலத்தில் அரைமணிப் பயணத்தில் உள்ள கட்டுக்கரைக் குளத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். நீலச்சிறகியும், உவர்நீரில் கிடைக்காத தாமரைக்கோழியும் அங்கே கிடைக்கும்.

செலவுப் பக்கத்துக்கு வருவோம். தமிழ்நாட்டிலிருந்து விமானத்தில் யாழ்ப்பாணம் போய், சங்குப்பிட்டிப் பாலம் வழியாகப் பேருந்தில் மன்னார் வருவது எனக்கு ஒத்துவந்த வழி. கொழும்பு வழியாக வந்தால் தலைமன்னார் வரை தண்டவாளம் உண்டு, ஆனால் அந்தப் பயணத்துக்கே ஒரு முழுநாள் போய்விடும். சேவை நடக்கிறதா என்றும் புறப்படும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் மலிவானதாகத் தோன்றலாம். 2023 அக்டோபரில் தொடங்கப்பட்ட அந்தச் சேவை பருவமழைக் காலத்தில் நிறுத்தப்படுகிறது. பறவைகள் வந்திறங்கும் மாதங்களும் அவைதான். திரும்பும் சீட்டைக் கப்பலில் எடுத்துவைத்து, கடல் கொந்தளித்து, கடைசி நேர விமானச்சீட்டுக்கு இருமடங்கு கொடுத்தவர்கள் உண்டு. இணையவழி நுழைவனுமதி, தொலைபேசிச் சீட்டு, அணைச்சாலைக்கு விடியுமுன் போக ஆட்டோ, இவை எல்லாம் சேர்ந்தால் தனுஷ்கோடிப் பயணத்தைப்போல் நான்கைந்து மடங்கு ஆகிவிடும். மொழிச் சிக்கல் மட்டும் இல்லை. தமிழ் பேசும் ஊர், சாப்பாடும் நமக்கு வாய்க்கு ஒத்தது.

தலைமன்னாருக்கு அப்பால் உள்ள மணல்திட்டுகளுக்குப் படகில் போகும் ஆசை எல்லாருக்கும் வரும். அந்தத் திட்டுகள் அடங்கிய ஆதாம் பாலப் பகுதி 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியும் கடற்படையின் அனுமதியும் வேண்டும். ஆலாக்கள் அங்கே கூடுவைப்பது நம் கோடையில். அந்த மாதங்களில் நாம் காலடி வைத்தால் பெற்றோர் எழும்பிவிடும், கொதிக்கும் மணலில் முட்டை சிறிது நேரத்திலேயே கெட்டுவிடும். அனுமதியே கிடைத்தாலும் அப்போது போகாதீர்கள் என்றுதான் சொல்வேன்.

காற்றாலைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். தீவின் தென்கரையை ஒட்டி 30 காற்றாலைகள் கொண்ட 103.5 மெகாவாட் நிலையம் 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கியது. இரண்டாவதாகத் திட்டமிடப்பட்ட பெரிய நிலையத்தை எதிர்த்துச் சூழலியல் அமைப்புகள் 2024இல் இலங்கை உச்சநீதிமன்றப் படியேறின. 2025 பிப்ரவரியில் அதை அமைக்கவிருந்த நிறுவனமே விலகிக்கொண்டது. பறவைகள் தீவுக்குள் நுழையும் வழியிலேயே இறக்கைகள் சுழல்வதைப் பார்க்க எனக்கு நெஞ்சு கனக்கிறது. மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு குறுகலான ஒரு வலசை வாசலில் அதை நிறுவியிருக்க வேண்டியதில்லை.

## கோடியக்கரை: தீவு இல்லை, ஆனால் தவிர்க்க முடியாதது

தீவைத்தான் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதம் இல்லாதவர்கள் இதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். 1967இல் சரணாலயமானது, 2002இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்து, 2022 வரை 20 ஆண்டுகள் தமிழ்நாட்டின் ஒரே ராம்சர் தலமாக இருந்தது. சாலிம் அலியின் காலம் தொட்டு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு ஆய்வு செய்துவருகிறார்கள். வலசை பற்றி இந்தியாவில் நமக்குத் தெரிந்ததில் கணிசமான பங்கு இந்தச் சேற்றிலிருந்து வந்தது.

கோடியக்கரையை மற்ற இரண்டிலிருந்தும் பிரிப்பது அதன் காடு. கடலுக்கு முன்னால் உள்ள கடைசி நிழல் அது. புரட்டாசி, ஐப்பசியில் தெற்கே போகும் காட்டுப்பறவைகள் நீரிணையைக் கடக்கும் முன் இங்கே இறங்கி இளைப்பாறுகின்றன. மாலை ஆறு மணியை ஒட்டிப் புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் கூப்பிடும் ஆறுமணிக்குருவியையும், வெண்ணிற வால்நாடா மிதக்கப் போகும் அரசவால் ஈப்பிடிப்பானையும் ஒரே மாலையில் பார்த்துவிட்டு, மறுநாள் காலை சதுப்பில் கொசு உள்ளான்களைப் பார்க்கலாம். தனுஷ்கோடியில் இப்படி ஒரு காடு கிடையாது. மன்னாரில் இருப்பது பனையும் முட்புதரும்தான். சதுப்பை ஒட்டிய புல்வெளியில் வெளிமான்கள் மேயும். இலங்கையிலிருந்து வரும் நண்பர்களுக்கு அந்த நாட்டில் இல்லாத இந்த மானே பெரிய வியப்பாக இருந்ததைக் கவனித்திருக்கிறேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். நாகை மாவட்டத்தில் மழை கனமாகப் பெய்வதால் நவம்பர், டிசம்பரில் சதுப்பு நிரம்பி ஏரிபோல் கிடக்கும். குட்டைக்கால் பறவைகளுக்கு நிற்க இடம் இருக்காது. நீர் வற்றத் தொடங்கும் தை பாதிக்குமேல் போனால்தான் உள்ளான்கள் சேற்றில் நெருங்கி நிற்கும். சதுப்பு மிக அகலமானது, ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் பாதிப் பறவைகள் உங்களுக்கு இல்லை. நல்ல பகுதிகள் சில உப்பளங்களுக்குள் இருப்பதால், அங்கே நுழைய முன்னனுமதி தேவை. முன்னாட்களோடு ஒப்பிட்டால் பூநாரையும் உள்ளானும் குறைந்துவிட்டன என்று அங்கே நெடுங்காலம் ஆய்வு செய்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நன்னீர் வரத்து குறைந்ததும் உப்புத் தொழிலால் நீரின் உவர்ப்பு மாறியதும் காரணங்களில் அடங்கும். 2018 நவம்பரின் கஜா புயல் காட்டை முறித்துப்போட்ட வடுவும் இன்னும் தெரிகிறது.

போக்குவரத்து மலிவு. வேதாரண்யம் வரை பேருந்து எங்கிருந்தும் உண்டு. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகத்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் ரயிலும் மீண்டும் ஓடத் தொடங்கியது. கூட்டமோ, அறைத் தட்டுப்பாடோ தனுஷ்கோடி அளவுக்கு இல்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | தனுஷ்கோடி | மன்னார் | கோடியக்கரை |
|---|---|---|---|
| பறவைக்கும் கண்ணுக்கும் தூரம் | வண்டியிலிருந்தே மிக அருகில். வார நாள் காலையில் மட்டும் | அணைச்சாலையில் நடுத்தரம். தலைமன்னார் கரையில் மிக அருகில் | சதுப்பில் தொலைவு. காட்டில் அருகில் |
| அங்கே சிறப்பாகக் கிடைப்பவை | பூநாரை | நாமத்தலை வாத்து, ஊசிவால் வாத்து, பெருங்கடற்காகங்கள், நண்டுதின்னி | உள்ளான் வகைகள், ஆறுமணிக்குருவி முதலான காட்டு வலசைகள் |
| ஏற்ற காலம் | ஜனவரி – மார்ச் | டிசம்பர் – மார்ச் | காட்டுக்கு அக்டோபர். சதுப்புக்கு ஜனவரி இறுதி – மார்ச் |
| தேவையான நாட்கள் | 2 | 5க்குக் குறையாமல் | 3 |
| வெளியே தெரியாத செலவு | தை அமாவாசை, ஐயப்ப பருவ அறைவாடகை | நுழைவனுமதி, கப்பல் நிற்பது, உள்ளூர் வண்டி | ஸ்கோப், உப்பள முன்னனுமதி |
| குழந்தைகள், முதியோர் | மிக ஏற்றது | நெடும்பயணம் தாங்குவோருக்கு | காட்டுநடை முடிந்தால் |

## யாருக்கு எது

முதல் முறையாகப் பறவை பார்க்கப் போகிறவர்கள், உடன் பெற்றோரோ சிறு பிள்ளைகளோ இருப்பவர்கள் தனுஷ்கோடிக்குப் போங்கள். பூநாரையைக் கண்ட குழந்தைக்கு அடுத்த பறவையைக் காட்ட நீங்கள் பாடுபட வேண்டியதில்லை. கோயிலும் தீர்த்தமும் பெரியவர்களுக்கு, காலைப்பொழுது உங்களுக்கு. செவ்வாய் முதல் வியாழன் வரை அமையும்படி பார்த்துக்கொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும்.

ஓராண்டாவது ஊர் ஏரியில் பறவை பார்த்துப் பழகி, உள்ளானுக்கும் உப்புக்கொத்திக்கும் வேறுபாடு தெரிந்துகொண்டு, ஐந்து நாளும் பணமும் ஒதுக்க முடிந்தவர்களுக்கு மன்னார்தான். வாத்துகளை அந்த எண்ணிக்கையில் பார்க்கவும் கடற்காகங்களை ஒழுங்காகக் கற்கவும் மற்ற இரண்டும் அதற்கு ஈடாகா. ஆனால் மூன்றே நாள்தான் இருக்கிறது என்றால் போகாதீர்கள். இரண்டு நாள் பயணத்தில் கழிந்து, மிஞ்சிய ஒரு காலையில் மழை பெய்தால் மனம் ஆறாது. யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இருக்கும் வாசகர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்: மன்னார் உங்களுக்கு ஒரு பகல் பயணம், அதற்கும் நேரம் இல்லாத நாளில் பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுப் பக்கம் போனாலே கையளவு நீரில் பூநாரைகள் நிற்கக் காணலாம்.

நுணுக்கமாகப் பார்ப்பதில் ஆர்வம் உள்ளவர்கள், தனியாகப் போகிறவர்கள், குறைந்த செலவில் அதிக வகைகளைக் குறித்துக்கொள்ள நினைப்பவர்கள் கோடியக்கரையைத் தேர்ந்தெடுங்கள். ஸ்கோப் உள்ள ஒரு நண்பரோடு போவது நீங்களே ஒன்று வாங்குவதைவிட நல்லது. அக்டோபரில் விடுப்பு கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம், காட்டுப் பறவைகளுக்கு அந்த மாதத்தில் வேறு இடம் கிடையாது.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் புறப்படுவதற்கு மூன்று நாள் முன்பு அந்த ஊரில் யாரையாவது தொலைபேசியில் பிடித்து இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசி மழை எப்போது பெய்தது, காற்று எந்தப் பக்கம். கோடியக்கரையில் நான்கு நாளுக்குள் பெருமழை என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுங்கள். தனுஷ்கோடியில் வாடை பலமாக இருந்தால் போகலாம், ஆனால் ஆண்கடல் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மன்னாரில் காற்று தணிந்த காலையாக அமைந்தால், பைனாகுலரை எடுக்கும் முன் அணைச்சாலையில் இரண்டு நிமிடம் சும்மா நின்று அந்தச் சீட்டியைக் கேளுங்கள்.